பழைய கார்க் கண்ணாடியும் சங்கரன்கோவில் கம்மியரும்

பழைய மோட்டார் கார்களைப் பேணி வைத்திருப்போரிடம் ஒரு விந்தையைக் காணலாம். எஞ்சினைப் பிரித்துப் பூட்டிவிடுவார்கள். நெளிந்த தகட்டைத் தட்டி நேராக்கி வண்ணம் பூசிவிடுவார்கள். இருக்கைக்குப் புதுத் தோலும் தைத்துவிடுவார்கள். ஆனால், வண்டியின் பக்கத்தில் உள்ளங்கை அளவே இருக்கும் அந்தக் கண்ணாடியிடம் வந்தவுடன் கை தயங்கி நின்றுவிடும். அதன் ஓரத்தில் கருமை படர்ந்திருக்கும். நடுவில் அம்மைத் தழும்புபோலப் புள்ளிகள் விழுந்திருக்கும். எடுத்தெறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் மூலப் பொருள் போய்விடும். அப்படியே விட்டுவைத்தாலோ பின்னால் வரும் லாரி தெரியாது.

காருக்குக் கண்ணாடி வந்த கதை சுவையானது. 1909ஆம் ஆண்டில் டோரதி லெவிட் என்ற ஆங்கிலேய மாது, கார் ஓட்டும் பெண்டிருக்கென ஒரு நூல் எழுதினார். கைக்கண்ணாடி ஒன்றை உடன் வைத்துக்கொண்டு, அவ்வப்போது உயர்த்திப் பிடித்துப் பின்புறத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு அதில் அறிவுரை கூறினார். 1911ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த 500 மைல் பந்தயத்தில், ரே ஹாரூன் என்பவர் மார்மன் காரைத் தனியொருவராக ஓட்டினார். ஏனையோர் வண்டிகளில் பின்னால் வருவோரைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் உடன் இருந்தான். அவனுக்கு ஈடாக ஹாரூன் ஒரு கண்ணாடியைப் பொருத்தினார், பந்தயத்தையும் வென்றார். செங்கல் பாவிய அந்தப் பாதையின் அதிர்ச்சியில் கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார் என்பது வேறு!

அதற்குப் பின் அரை நூற்றாண்டு கழிந்தும், இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் பக்கக் கண்ணாடி வண்டியோடு வருவதன்று. விரும்பியவர் தனியே பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்வது. ஆகவே, ‘மூலக் கண்ணாடி’ எது என்பதே சில வண்டிகளில் வழக்குக்கு உரியதாகிவிடுகிறது.

கண்ணாடி கெடுவது எவ்வாறு? நாம் கண்ணாடி என்று சொல்வதில் நமக்கு முகம் காட்டுவது அந்தப் பளிங்குத் தகடன்று. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய வெள்ளிப் பூச்சே ஆகும். முற்காலத்தில் ஐரோப்பியர் வெள்ளீயத் தகட்டையும் பாதரசத்தையும் சேர்த்து இதனைச் செய்தனர். பாதரச ஆவியால் தொழிலாளர் நலிந்தனர். 1835ஆம் ஆண்டில் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர், கரைசலிலிருந்து வெள்ளியைக் கண்ணாடிமேல் படியவைக்கும் வழியைக் கண்டார். அந்த வெள்ளியைக் காக்கச் செம்புப் பூச்சும், அதன்மேல் வண்ணமும் இடுவது பின்னர் வழக்கமாயிற்று. ஓரத்தின் வழியாக ஈரம் புகுந்தால் வெள்ளி கறுக்கத் தொடங்கும். மழையிலும் வெயிலிலும் நிற்கும் காருக்கு இந்நோய் விரைவில் வரும்.

இதற்கு மருந்து உண்டு. முதுகிலுள்ள வண்ணத்தைக் கரைத்தெடுத்து, பழைய வெள்ளியையும் அமிலத்தால் நீக்கி, கண்ணாடியைத் தூசியின்றிக் கழுவி, வெள்ளீய உப்பின் கரைசலால் நனைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டையும் சர்க்கரைக் கரைசலையும் சேர்த்து ஊற்றினால் சில நிமிடங்களில் புதிய முகம் பிறக்கும். வளைவும் கூடும் மூலத்திற்கு உரியவை. ஒளியோ நேற்றுப் பூசியது. இதனை ஏமாற்று என்று கூறுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கண்ணாடி எதையும் காட்டாமற் போன பின்பு அதனை மூலம் என்று போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், ஒளி மேற்பூச்சாக இராமல் பொருளின் உடம்பாகவே அமைந்த கண்ணாடியும் உண்டு. அதன் வரலாறு நம் சங்கரன்கோவிலைத் தொட்டுச் செல்கிறது.

சங்கரன்கோவிலுக்கு வடக்கே, தொலைவில் இல்லாத திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், திருப்பாவையில் கண்ணாடியைத் ‘தட்டொளி’ என்கிறாள். தட்டிலே தோன்றும் ஒளி! தகட்டைத் துலக்கி முகம் பார்த்த காலத்தின் நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது எனலாம். கேரளத்தில் பம்பை ஆற்றங்கரையில் உள்ள ஆரன்முளையில், அத்தகைய உலோகக் கண்ணாடியை இன்றும் செய்கின்றனர். அங்குள்ள பார்த்தசாரதி கோயில் திருப்பணிக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து எட்டுக் கம்மியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன என்பது அவர்களுடைய மரபுக் கதை. இடையில் ஆட்சியாளரின் மனக்கசப்புக்கு ஆளாகி, அதனைத் தீர்க்க முயன்று வார்த்த மகுடத்தில் முகம் தெரிந்தது என்றும், அதிலிருந்தே கண்ணாடி பிறந்தது என்றும் கதை விரிகிறது. கல்வெட்டன்று, கதைதான். ஆயினும் செய்பவர்களே தம் ஊராகச் சொல்லும் பெயரை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

உலோகத்தின் செய்தியோ கதையன்று. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சாரதா சீனிவாசனும் அவருடன் ஆய்ந்தோரும் இதனைச் சோதித்து, செம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்திருப்பதைக் கண்டனர். அந்த அளவில் வெண்கலம் தன் பொன்னிறத்தை இழந்து வெள்ளிபோல் வெளுத்துவிடுகிறது, கடினமாகிறது, கண்ணாடியைப் போலவே உடையவும் செய்கிறது. வயல் மண்ணால் இரு வில்லைகள் செய்து, இடையே சிறு வெளி விட்டு, மேலே மூசையை மண்ணால் இணைத்துக் காய்ச்சிக் கவிழ்த்தால் உலோகம் அந்த வெளிக்குள் இறங்கும். ஆறியபின் அச்சை உடைத்தெடுத்து, சுட்ட மண்பொடியும் எண்ணெயும் இட்டுத் துணியில் நாட்கணக்கில் தேய்ப்பர். இறுதியில் வெல்வெட்டுத் துணி. மங்கினால் மறுபடி துலக்கலாம். புதிதாகப் பூச வேண்டியது எதுவும் இல்லை.

மேனாட்டு வானியலாரும் இதே விகிதத்தை ஒட்டிய உலோகத்தையே தொலைநோக்கிகளுக்குக் கையாண்டனர். அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845இல் நிறுவிய பெருந்தொலைநோக்கிக்கு ஆறடி அகலத்தில் இரண்டு கண்ணாடிகள் செய்யப்பட்டன. ஒன்று வானை நோக்கியிருக்க, மற்றொன்று துலக்குமிடத்தில் கிடக்கும். வெள்ளி பூசிய கண்ணாடி வந்ததும் அவர்கள் உலோகத்தைக் கைவிட்டனர். ஆரன்முளையினர் கைவிடவில்லை.

அக்கண்ணாடிக்கு ஆரன்முளையின் பெயரால் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் பம்பை பெருகிப் பட்டறைகளுக்குள் புகுந்தபோது, அச்சுகளும் செய்து வைத்த கண்ணாடிகளும் சேற்றில் போயின. வெள்ளம் வடிந்ததும் அவர்கள் மீண்டும் வயல் மண்ணைக் குழைக்கத் தொடங்கினர். பக்குவம் கைகளில் இருந்தது.

பழைய கார் வைத்திருப்பவர் ஆரன்முளைக் கண்ணாடியைத் தம் வண்டியில் மாட்டிவிட முடியாது. ஆயினும் அதன் உண்மையைச் சோதிக்கும் முறை அவருக்கும் உதவும். விரல் நுனியைக் கண்ணாடிமேல் வையுங்கள். உலோகக் கண்ணாடியில் விரலும் அதன் நிழலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். முதுகில் பூசிய கண்ணாடியில் இரண்டிற்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். கார்க் கண்ணாடிகளில் சில, குரோமியத்தை முன்முகத்திலேயே பூசியவை. அவற்றிலும் விரல் நிழலைத் தொடும். அவ்வாறு தொட்டால், பொடியிட்டுத் தேய்க்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிட வேண்டும். தேய்வது அழுக்காக இராது, பூச்சாகவே இருக்கும். இடைவெளி தெரிந்தால் முன்புறத்தை அஞ்சாமல் துடைத்துவிட்டு, முதுகைத் திருப்பிப் பார்க்கலாம்.