இயங்குதள நம்பகத்தன்மை: ரயில் முன்பதிவின் வரலாறு

வணிகக் கணினியின் இயங்குதளம் எத்தனை நாள் படுக்காமல் ஓடுகிறது, படுத்தால் கணக்கு கலையாமல் எப்படி எழுகிறது என்ற இரண்டையும் சேர்த்தே அதன் நம்பகத்தன்மையை அளக்க வேண்டும். இந்தியாவில் இதற்கு நீண்ட சான்று ரயில்வேயின் பயணியர் முன்பதிவு. கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து 1894-இல் திறந்த கிளைப்பாதை பங்காரப்பேட்டையில் முதன்மைப் பாதையைச் சேர்கிறது. அங்கே சென்னைக்குப் படுக்கை கேட்டு நிற்பவரும் இந்த வரலாற்றுக்குள்தான் நிற்கிறார்.

கணினிக்கு முன்பு வண்டிவாரியாக, தேதிவாரியாகப் பெரிய பேரேடுகள் இருந்தன. ஓர் எழுத்தர் பேரேட்டை எடுத்துவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். வரிசை நீண்டது, ஆனால் அந்தக் காத்திருப்பே ஒரு படுக்கை இருவருக்குப் போகாமல் காத்தது.

1985-இல் புது தில்லியில் 'இம்ப்ரெஸ்' என்ற மென்பொருள் வந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில், 1977-இல் அறிமுகமான வி.எம்.எஸ். இயங்குதளத்தின் மேல் அது ஓடியது. பல கணினிகளை ஒன்றாகக் கோத்து, ஒன்று விழுந்தால் மற்றவை வேலையை ஏற்கும் கொத்துமுறையை டிஜிட்டல் 1983-இல் அறிவித்தது. அதன் உயிர்நாடியான பூட்டு மேலாளர் செய்தது பழைய பேரேட்டின் வேலையைத்தான்: ஒருவர் தொடும்போது மற்றவரைக் காத்திருக்க வைப்பது.

எஸ்-4 பெட்டியில் 23-ஆம் படுக்கை என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய அமைப்பில் முதலில் அந்த இடம் பூட்டப்படும். நடக்கப்போகும் மாற்றம் குறிப்பேட்டுக் கோப்பில் எழுதப்படும். அதன் பிறகே தரவு மாறும், டிக்கெட் அச்சாகும். நடுவில் மின்சாரம் போனால், எழுந்த கணினி குறிப்பேட்டைப் படித்து, முடிந்தவற்றை நிலைநிறுத்தி, அரைகுறையானவற்றைத் தள்ளிவிடும். பத்து நிமிடம் 'சிஸ்டம் டவுன்' என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே படுக்கைக்கு இரண்டு குடும்பங்கள் நள்ளிரவில் வந்து நிற்பதைப் பொறுக்க முடியாது.

ரயில்வே தகவல் அமைப்புகள் மையமான 'கிரிஸ்' உருவாக்கிய 'கான்செர்ட்' 1994-இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999-இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களையும் இணைத்தது. அதுவும் வி.எம்.எஸ். வழிவந்ததே.

அலுவலக மேசைகளின் கதை வேறு. விண்டோஸ் 95, 98 காலத்தில் ஒரு மோசமான நிரல் இயந்திரத்தையே உறையவைக்கும். மறுபடி இயக்கினால் ஸ்கேன்டிஸ்க் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வி.எம்.எஸ்ஸை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான டேவ் கட்லர் தலைமையில் 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி., குறிப்பேட்டுமுறைக் கோப்பமைப்பைக் கொண்டுவந்தது. லினக்ஸில் 2001-இல் இ.எக்ஸ்.டி.3 அதைப் பரவலாக்கியது.

ஆனாலும் 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் திறந்து, பழுதான கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. விழுந்ததைவிட எழ முடியாமற்போனதே அன்றைய பெரிய தோல்வி.

2010-இல் நடைமுறைக்கு வந்த இன்றைய முன்பதிவு அமைப்பு இட்டானியம் சர்வர்களில் ஓப்பன் வி.எம்.எஸ். மேல் ஓடுகிறது. இட்டானியம் சில்லுகளின் விநியோகம் 2021-இல் நின்றதால் மாற்றம் தவிர்க்க முடியாதது. மேகக் கணிமைக்கு ஏற்ற புதிய அமைப்பைக் கிரிஸ் உருவாக்கிவருகிறது. நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட் தரும் என்று கேட்குமுன், காலை 11 மணித் தட்கல் நெரிசலில் ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கி, எஸ்-4, 23 யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.