அடுகோடிப் பள்ளியும் எதிர்வாசல்களும்

ஒரு பேட்டையின் சர்க்கார் உயர்நிலைப்பள்ளியைப் பற்றி அந்தப் பேட்டை ஜனங்கள் என்ன அபிப்பிராயம் வைத்திருந்தார்கள் என்று அறிய விரும்புகிறவனுக்குக் கல்வி இலாகாவின் வருஷாந்தர அறிக்கைகள் அதிகம் உதவுவதில்லை. கட்டிடங்கள் எத்தனை, உபாத்தியாயர்கள் எத்தனை பேர், தேறியவர்கள் நூற்றுக்கு எத்தனை என்பதெல்லாம் அவற்றில் கிரமமாக இருக்கும். ஆனால் ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட தாய், சர்க்கார் பள்ளி வாசலில் நிற்பதா, இன்னும் இரண்டு தெரு நடந்து ‘கான்வென்ட்’ வாசலில் நிற்பதா என்று வழியெல்லாம் செய்த யோசனை அவற்றில் இராது. கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோரும் தங்கள் அபிப்பிராயத்தைச் சந்தேகமறப் பதிவுசெய்த இடம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான். பிள்ளையைச் சேர்த்தால் சம்மதம், டி.சி. வாங்கிக்கொண்டு போனால் மறுப்பு.

பெங்களூரின் தென்பக்கத்தில், ஓசூர் சாலைக்கு அருகே கோரமங்கலாவுக்கும் வில்சன் கார்டனுக்கும் நடுவில் அமைந்த அடுகோடி, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடங்களில் ஒன்று. இந்தப் பக்கத்துச் சரித்திரத்தைக் கூட்டிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பெற்றோர் பள்ளியை மதித்தது அங்கே நடந்த போதனையை வைத்து அன்று, அது கொடுத்த சர்டிபிகேட் எந்த வாசலைத் திறந்துவிடும் என்பதை வைத்தே. வாசல்கள் மாறினபோதெல்லாம் அபிப்பிராயமும் மாறிற்று. பள்ளிக்கூடம் மட்டும் அதே இடத்தில், அதே சுற்றுச்சுவருக்குள், காரணம் புரியாமல் நின்றது.

முதல் வாசல் வெள்ளைக்காரருடையது. 1809ல் கும்பினியார் இங்கே தண்டு அமைத்தபோது, பட்டாளத்துக்குப் பின்னாலேயே ஆர்க்காடு, வேலூர்ப் பக்கங்களிலிருந்து கொத்தனாரும் தோட்டக்காரரும் சமையற்காரரும் குமாஸ்தாக்களும் காண்ட்ராக்டர்களும் வந்து குடியேறினர். 1881ல் மைசூர் ராஜ்யம் உடையார் வம்சத்துக்குத் திரும்பிய பிறகும் தண்டுப் பிரதேசம் 1947 வரையில் ஆங்கில ரெஸிடெண்டின் ஆளுகையிலேயே இருந்தபடியால், தமிழும் இங்கிலீஷும் அறிந்தவனுக்கு அங்கே என்றும் ஒரு வேலை காத்திருந்தது. அந்த உலகத்தில் மேலே வந்த ஆர்க்காடு நாராயணசாமி முதலியார், இன்று உயர்நீதிமன்றம் நடக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய காண்ட்ராக்டர். 1873ல் அவர் நிறுவிய பள்ளிதான் பின்னாளில் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துக்களால் ஊரறிந்த கல்வி ஸ்தாபனமாயிற்று. பரோபகாரம் என்றே இதைச் சொல்வது வழக்கம், அது உண்மையும்கூட. ஆயினும் கட்டிடத் தொழிலில் காசு கண்ட மனிதர் ஒருவர், அடுத்த தலைமுறை கரண்டி பிடிக்காமல் பேனா பிடிக்கவேண்டும் என்று நினைத்ததில் தண்டு ஜனங்களின் ஆசை முழுவதும் அடங்கியிருந்தது என்றும் சொல்லலாம்.

அடுகோடி அப்போது தண்டின் தென்கோடியில் ஒரு சிறு கிராமம். 1923ல் கால்நடை வளர்ப்புக்கும் பால் தொழிலுக்குமான இம்பீரியல் ஸ்தாபனம் இங்கே வந்தது. இந்திய பால்தொழில் டிப்ளமா என்ற படிப்பும் அந்த வருஷமே தொடங்கிற்று. 1927ல் உடல்நலத்துக்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள், மாடு வளர்க்கும் முறையைக் கற்றுக்கொள்ள இங்கேதான் நாள்தோறும் வந்துபோனார். தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வந்து படித்த அந்த டிப்ளமா, வேலிக்கு அப்புறம் குடியிருந்தவனுக்கு எட்டாத படிப்பாகவே இருந்திருக்கும். அருகில் ஒரு கல்வி நிலையம் இருப்பதற்கும் அது அருகிலுள்ளோருக்குப் பயன்படுவதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அடுகோடி பிற்காலத்திலும் சாட்சி சொல்லப்போகிறது.

உள்ளூர்ப் பள்ளியின் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அது மைக்கோ வந்த பிறகுதான். மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற முழுப்பெயர் பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனியுடைய இந்தியக் கிளையாக 1951ல் ஆரம்பமாகி, அடுகோடியில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் எஞ்சின்களுக்கான எண்ணெய்ப் பம்புகளும் செய்த அந்தத் தொழிற்சாலையை எல்லோரும் மைக்கோ என்றே அழைத்தார்கள். இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, டெலிபோன் தொழிற்சாலை, எச்.எம்.டி., பி.இ.எல். என்று நகரைச் சுற்றிலும் ஆலைகள் எழுந்த காலம் அது. 1961ல் மைக்கோ தன் வளாகத்திலேயே தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவிற்று. தொழிற்பயிலுநர் சட்டம் பிறந்ததும் அதே வருஷம். பத்தாம் வகுப்புத் தேறிய பையன் பயிற்சியில் சேர்ந்து, உதவித்தொகை வாங்கி, லேத்திலும் கிரைண்டரிலும் கைபழகி, பின்பு நிரந்தரத் தொழிலாளியாகி, யூனிஃபாரமும் கேண்டீன் சாப்பாடும் போனஸும் பிராவிடண்ட் ஃபண்டும் உள்ள மனிதனாக வீட்டுக்கு வருவான் என்பது கனவன்று, பக்கத்து வீட்டில் கண்ணால் கண்ட சங்கதி. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதினதும் சைக்கிள்கள் ஒரு வாசலை நோக்கிப் போவதைத் திண்ணையிலிருந்து பார்த்த தகப்பனுக்கு, மகனை ஏன் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அந்த நாளில் உபாத்தியாயர் பிரம்பெடுத்தால் பெற்றோர் ஆட்சேபிக்கவில்லை. கண்டிப்புக்குப் பெயர்போன பள்ளி என்பதே புகழாயிற்று. கணக்கும் இங்கிலீஷும் தேறினால் போதும். போதனை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று அலசவும் அவசியம் நேரவில்லை.

எண்பதாம் ஆண்டுகளில் அந்த நிச்சயம் ஆட்டங்கண்டது. 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள் நீடித்த பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. ஆலை வாசல் என்றும் திறந்தே இருக்கும் என்ற நம்பிக்கையும் அதோடு தளர்ந்தது. அடுத்து மொழிப் பிரச்சினை வந்தது. உயர்நிலைப்பள்ளியில் கன்னடமே முதல்மொழியாக வேண்டும் என்று வி. கிருஷ்ண கோகாக் தலைமையிலான குழு 1981ல் அறிக்கை தந்தது; மறு வருஷம் நடிகர் ராஜ்குமார் தலைமையேற்ற கிளர்ச்சி ராஜ்யத்தையே உலுக்க, 1982 ஜூலையில் சர்க்கார் ஆணை பிறந்தது; மொழிச் சிறுபான்மையோர் வழக்குத் தொடர்ந்தனர். இதை மொழிப்பற்று, மொழிவெறி என்ற இரண்டு சொற்களால் முடித்துவிடுகிறவர்கள், சர்ச்சையின் நடுவே கிடந்த மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதில்லை. பின்னாளிலும் கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. தேர்வின் 625 மதிப்பெண்களில் முதல்மொழிக்கு மட்டும் 125; மற்றப் பாடங்களுக்கெல்லாம் நூறு நூறுதான். தமிழை முதல்மொழியாக எடுக்க வழியிருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் தமிழ் உபாத்தியாயர் இருக்கும் பள்ளி கிட்டத்தில் இருக்கவேண்டுமே! இடம் காலியானால் நிரப்புவாரில்லை. உபாத்தியாயர் இல்லாத வகுப்பில் பிள்ளை சேராது. பிள்ளை சேராத வகுப்புக்கு உபாத்தியாயரை யார் போடுவார்கள்?

1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானபோது மூண்ட கலவரத்தில் பெங்களூர்த் தமிழர் பலர் எல்லை தாண்டி ஓடவேண்டியதாயிற்று. அதன் பிறகு தமிழ்ப் பெற்றோர் பலர் பிள்ளையைக் கன்னட வகுப்பில் சேர்த்தார்கள் என்றால், அதைக் கோழைத்தனம் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். மாநகராட்சியிலோ போக்குவரத்துக் கழகத்திலோ போலீசிலோ வேலை வேண்டுமானால் கன்னடம் வேண்டும். அடுகோடியில் ஆயுதப்படைப் போலீசின் பெரிய மைதானம் கண்ணெதிரே கிடக்கிறது. அதுவும் ஒரு வாசல்தானே?

நீதிமன்றங்கள் இதற்கிடையில் பெற்றோரின் அபிப்பிராயத்துக்குச் சட்ட வடிவம் தேடிக்கொண்டிருந்தன. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியை வற்புறுத்திய ஆணையை உச்ச நீதிமன்றம் 1993 டிசம்பரில் ஏற்றது. தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் முதல் நான்கு வகுப்பு நடக்கவேண்டும் என்று 1994ல் வந்த ஆணையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2008ல் தள்ளிற்று. 2014 மே 6ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல்சாசன அமர்வு, குழந்தையின் தாய்மொழி எது என்று சொல்ல வேண்டியவர் பெற்றோரே, போதனாமொழியைச் சர்க்கார் திணிக்கக்கூடாது என்று முடிவுகட்டிற்று. தமிழ் முதலிய சிறுபான்மை மொழிகளைக் காக்கும் கேடயமாக ஒரு காலத்தில் எழுந்த தாய்மொழி வாதம், இங்கிலீஷ் பள்ளிக்கு வழிவிடும் தீர்ப்பாக வந்து நின்றது விதியின் வேடிக்கை. ஆனால் அடுகோடித் தாய்மார் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. அவர்கள் பதிவேட்டில் என்றோ தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

அவர்கள் அபிப்பிராயத்தைக் கூப்பிட்டுக் கேட்கும் ஏற்பாடும் ஒன்று வந்தது. அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா தலைமையில் அமைந்த கல்விப் பணிக்குழுவின் யோசனையையொட்டி, 2001 ஏப்ரலில் கர்நாடக சர்க்கார் பள்ளிதோறும் எஸ்.டி.எம்.சி. என்ற நிர்வாகக் குழுவை ஏற்படுத்திற்று: பெற்றோரெல்லாம் ஒரு மன்றம், அவர்கள் தங்களுக்குள் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுப்பது. 2009ன் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோரும், பாதிக்குப் பாதி பெண்களும் இருக்கவேண்டும் என்றது. உத்தமமான ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூட்டம் வேலைநாளில், பகல் வேளையில். பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் தையல் மிஷினுக்கு முன் உட்கார்ந்திருக்கும் தாய் அரைநாள் சம்பளத்தை விட்டுத்தான் வரவேண்டும். கோரமங்கலாவில் நாலு வீடு வேலை செய்கிறவள் நாலு எஜமானிகளிடம் சொல்லிவிட்டு வரவேண்டும். வந்து உட்கார்ந்தால், கட்டிட மான்யமும் தீர்மானமும் படிக்கக் கேட்டு, காட்டின இடத்தில் கையெழுத்து. கூட்டம் கலைந்து கேட்டருகே வந்த பிறகே பேச்சுப் பிறக்கிறது: “மேக்ஸ் சார் இன்னும் வரலியாமே?”, “எம் பையன் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினா போதும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்.” தீர்மானப் புஸ்தகத்தில் ஏறாத இந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது முழு அபிப்பிராயமும்.

சில சமயம் அபிப்பிராயம் சொல்லவே ஆளிருப்பதில்லை. அருகிலுள்ள ஈஜிபுரத்தில் ஏழைகளுக்கென்று இருந்த குடியிருப்பை 2013 ஜனவரியில் மாநகராட்சி இடித்துத் தள்ளி ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றியபோது, ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது. பள்ளியில் வருகை குறைவதற்குப் பள்ளியே காரணமென்று எண்ணுகிறவர்கள் இதையும் நினைக்கவேண்டும்.

2019ல் கர்நாடக சர்க்கார் ஆயிரம் ஆரம்பப் பள்ளிகளில் இங்கிலீஷ் வகுப்புகளைத் தொடங்கிற்று. எழுத்தாளர் சிலர் கண்டித்தார்கள், பெற்றோர் விண்ணப்பத்தோடு வந்து நின்றார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 2022 ஜூனில், மைக்கோ இருந்த அதே 76 ஏக்கர் நிலத்தில் பாஷ் கம்பெனியின் புதிய தொழில்நுட்ப வளாகத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். சாஃப்ட்வேர் எழுதும் எஞ்சினியர்கள் வேலை செய்யும் இடம் அது. பத்தாம் வகுப்புச் சர்டிபிகேட் அந்த வாசலில் செல்லுபடியாகாது; காவலாளி வேலைக்கோ, கேண்டீனில் தட்டுக் கழுவவோ உள்ளே விடலாம்.

மாணவர்களின் அபிப்பிராயத்தைப் பற்றி இதுவரை நான் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம், அதைக் கேட்டவர்கள் சொற்பம் என்பதே. கர்நாடகத்தின் கிராமங்களில் பிள்ளைகள் பஞ்சாயத்தார் முன்னிலையில் குறைகளைச் சொல்லும் ‘மக்கள கிராம சபை’ இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வழக்கத்துக்கு வந்தது. ஆனால் அது கிராமங்களுக்கென்று வந்த ஏற்பாடு. குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, எந்த மிஸ் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறார், எந்த சார் ரோல் நம்பரால் கூப்பிடுகிறார் என்பவை அவர்களுடைய அளவுகோல்கள்; பெற்றோர் பட்டியலில் இவை கடைசியில்கூட வருவதில்லை. நான் அறிந்தவரையில், சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளின் கருத்து பெங்களூர்ப் பத்திரிகைகளில் பெரிய விவாதமானது 2018-19ல், மத்தியானச் சாப்பாட்டை முன்னிட்டுத்தான். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சாம்பார் பிள்ளைகளுக்கு ருசிப்பதில்லை, தட்டில் மிச்சம் விடுகிறார்கள் என்று உணவுரிமை இயக்கத்தார் எடுத்துச் சொன்னார்கள். சர்க்கார் அவற்றைச் சேர்க்கும்படி கேட்டது. சமைத்தனுப்பிய ஸ்தாபனம் தன் சமையல் முறையை மாற்றச் சம்மதிக்கவில்லை. கோப்பு நிபுணர்களிடம் போயிற்று. சத்தில் குறையில்லை என்று பதில் வந்தது.