பால்மரமும் கணினியும்



அமெரிக்கக் கணினி, இணையக் கம்பெனிகளில் பணம் போடும் யூனிட் டிரஸ்டுகளைப் பற்றித் தோட்டப்புறத்திலும் பேச்சு அடிபடுகிறது. பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டிய பணத்தை ஒரு நிர்வாகி பல கம்பெனிகளின் பங்குகளில் போடுவதே யூனிட் டிரஸ்ட். நம் நாட்டில் இது 1959இல் தொடங்கியது. "வருங்காலம் கணினிக்குத்தான், ஆகவே பணம் பெருகும்" என்பார்கள். முன்பாதி மெய்யாகவே இருக்கட்டும். அதனால் பின்பாதியும் மெய்யாகிவிடுமா? வரலாற்றைக் கேட்போம்.

நம் முன்னோர் பால் வெட்டிய ரப்பரும் ஒரு காலத்தில் புதுமைத் தொழில்தான். மோட்டார் வாகனங்கள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. மலாயாவைக் கண்ணால் கண்டிராதவர்களெல்லாம் மலாயாத் தோட்டக் கம்பெனிகளின் பங்குகளை முண்டியடித்து வாங்கினார்கள். அந்த ஆண்டிலேயே விலை சரிந்தது. 1932இல் ஒரு ராத்தல் 3 பென்சுக்கும் கீழே போயிற்று. 12 பென்ஸ் சேர்ந்தது ஒரு ஷில்லிங். வீழ்ச்சியை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். அந்த மந்த காலத்தில் வேலையிழந்து தமிழகத்திற்குக் கப்பலேறிய நம்மவர் பல்லாயிரம் பேர்.

மோட்டார் வாகனம் தோற்றுவிட்டதா? இல்லை. தொழில் வளர்ந்தது, உச்ச விலையில் பங்கு வாங்கியவர் நட்டப்பட்டார்.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் இதே கதை அமெரிக்காவில் நடந்தது. தொழில்நுட்பக் கம்பெனிகள் மிகுந்த நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச் 10ஆம் நாள் 5,048 புள்ளிகளைத் தொட்டு நின்றது. 2002 அக்டோபர் 9ஆம் நாள் அது 1,114. நூறு வெள்ளி இருந்த இடத்தில் 22 வெள்ளி! இணையத்தில் நாய், பூனைத் தீனி விற்ற பெட்ஸ்.காம், பங்கு வெளியிட்ட 2000ஆம் ஆண்டிலேயே கடையை மூடியது. அமேசான் பிழைத்து வளர்ந்தது. ஆனால் 1999இல் 100 டாலருக்கு மேல் விற்ற அதன் பங்கு, 2001இல் 6 டாலர் அளவுக்கு இறங்கியது. நாஸ்டாக் பழைய உச்சத்தை மீண்டும் எட்டியது 2015இல்தான். பதினைந்து ஆண்டு! அதற்குள் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை கல்லூரியையும் முடித்துவிடும்.

ஆகவே, கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேளுங்கள். இந்த டிரஸ்ட் எந்தெந்தக் கம்பெனிகளை வைத்திருக்கிறது? இரண்டு டிரஸ்டுகள் வாங்கினாலும், இரண்டிலும் அதே கம்பெனிகள் இருந்தால் பயனில்லை. விழும்போது இரண்டும் சேர்ந்தே விழும். கட்டணம் எவ்வளவு? நுழைவுக் கட்டணம் நூற்றுக்கு 5 என்றால், உங்கள் பணத்தில் 95 வெள்ளியே முதலாகும். ஆண்டுக் கட்டணம் வேறு. டாலர் மதிப்பு என்னவாகும்? 1998 முதல் 2005 வரை ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என நிலையாக இருந்தது. அதன்பின் ஏறி இறங்குகிறது. பங்கு ஏறினாலும் டாலர் இறங்கினால் நம் இலாபம் குறையும்.

ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்டில் போட 1996 முதல் வழியுண்டு. சேமநிதியின் வழக்கமான கணக்கில் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு இலாப ஈவுக்குச் சட்டம் உறுதி தருகிறது. அங்கிருந்து எடுத்து டிரஸ்டில் போடும் பணத்திற்கு அந்த உறுதி கிடையாது. இதைச் சொல்லாமல் படிவத்தை நீட்டுபவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக்கும் வைத்த பணம் வேறு. பத்துப் பதினைந்து ஆண்டு தொடாமல் விடக்கூடிய பணம் வேறு. பின்னதில் மட்டும், சிறிது சிறிதாகப் போடுங்கள். இன்றிரவே குடும்பத்தோடு அமர்ந்து, எந்தப் பணம் எதற்கு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.