பாராசெயிலிங்: கயிற்றில் பறத்தலின் வரலாறு

பாராசெயிலிங் என்பது, மோட்டார் படகு அல்லது ஜீப் போன்ற ஊர்தியுடன் நீண்ட கயிற்றால் இணைக்கப்பட்ட வான்குடையில் தொங்கியவாறு காற்றில் உயர்ந்து செல்லும் விளையாட்டு ஆகும். கடற்கரைச் சுற்றுலாவில் இன்று பரவலாகக் காணப்படும் இவ்விளையாட்டு, 1960களில் வான்குடைப் பயிற்சிக்கான எளிய வழியாகத் தொடங்கியது. இதில் ஏறுபவருக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படுவதில்லை. உயரத்தையும் திசையையும் இறங்கும் இடத்தையும் அவர் முடிவு செய்வதும் இல்லை. இவை யாவும் படகோட்டியின் கையிலும், காற்றின் வேகத்திலும், இடையில் உள்ள ஒற்றைக் கயிற்றிலும் அடங்கியுள்ளன. எனவே பாராசெயிலிங்கின் வரலாற்றைப் பெருமளவுக்கு அந்தக் கயிற்றின் வரலாறாகவே கொள்ளலாம்.

பெயரும் வேறுபாடும்

'பாராசூட்', 'செயிலிங்' என்ற இரு சொற்களின் சேர்க்கையே பாராசெயிலிங். முன்னது வான்குடையையும் பின்னது பாய் விரித்துச் செல்வதையும் குறிக்கும். இதனைப் பாராகிளைடிங் என்பதுடன் குழப்பிக்கொள்வோர் பலர். பாராகிளைடிங்கில் பறப்பவர் மலைச்சரிவு போன்ற உயரமான இடத்திலிருந்து கயிற்றுப் பிணைப்பின்றிப் புறப்பட்டு, இறக்கை போன்ற நீண்ட துணிக்குடையைத் தாமே இயக்கிச் செல்வார். அதற்கு முறையான பயிற்சி தேவை. பாராசெயிலிங்கில் இழுக்கும் ஊர்தி நின்றால் பறத்தலும் நின்றுவிடும். பொருத்தமான காற்றில் படகு வேகத்தைக் குறைத்தவுடன் குடை மெல்லக் கீழிறங்கும்.

பட்டத்தில் ஏறிய மனிதர்கள்

கயிற்றில் கட்டி மனிதரைக் காற்றில் ஏற்றும் எண்ணம் மிகப் பழையது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து சோழமண்டலக் கரை வழியாக நாடு திரும்பிய மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகளில் இதற்கு ஒரு சான்று உண்டு. அந்நூலின் சில படிகளில், சீன மாலுமிகள் பயணம் புறப்படுமுன் ஒருவரைப் பெரிய சட்டத்தில் கட்டிப் பட்டம்போல் காற்றில் ஏற்றியதாகச் சொல்லப்படுகிறது. சட்டம் நேராக உயர்ந்தால் அது நல்ல சகுனம். உயராவிட்டால் வணிகர்கள் அக்கப்பலில் ஏற மாட்டார்கள். அறிவுள்ள எவரும் இதற்கு உடன்பட மாட்டார் என்பதால் குடித்து மயங்கியவரையோ அறிவிலியையோ பிடித்துக் கட்டினர் என்றும் அக்குறிப்பு கூறுகிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போக்காக் என்ற பள்ளி ஆசிரியர் 1820களில் பட்டங்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். குதிரைக்குப் பதிலாகப் பட்டங்கள் இழுக்கும் வண்டி ஒன்றை அமைத்து 1826-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தம் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் அமர்த்தி, 30 அடி நீளமுள்ள பட்டத்தின் உதவியால் ஏறத்தாழ 270 அடி உயரத்துக்கு ஏற்றினார். பத்திரமாக இறங்கிய அச்சிறுமியே பிற்காலத்தில் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேசின் தாய் ஆனார்.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய லாரன்ஸ் ஹார்கிரேவ், 1894 நவம்பர் 12 அன்று தாம் வடிவமைத்த நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்து 16 அடி உயரத்துக்கு எழுந்தார். பின்னர் சாமுவேல் கோடி என்பவர் உருவாக்கிய மனிதரைத் தூக்கும் பட்டங்களைப் பிரிட்டிஷ் இராணுவம் வேவு பார்ப்பதற்காக ஏற்றுக்கொண்டது. இவை எல்லாவற்றிலும் காற்றே உயர்த்தியது. கயிற்றின் மறுமுனை தரையிலேயே இருந்தது. காற்று இல்லாத நாளில் எதுவும் நடவாது.

நீர்மூழ்கிக் கப்பலின் கண்

மறுமுனையை ஓடும் கலத்தில் கட்டினால், அக்கலத்தின் வேகமே காற்றாகப் பயன்படும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் இதனைச் செய்துகாட்டினர். நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து சில அடி உயரமே இருக்கும். அங்கு நின்று பார்ப்பவருக்குத் தொலைவில் வரும் கப்பல் தெரியாது. இதற்காக 'ஃபோக்-அக்கெலிஸ் 330' என்ற எந்திரமற்ற சுழலிப் பட்டம் உருவாக்கப்பட்டது. அதில் ஒரு வீரர் அமர்ந்து, கப்பல் இழுத்துச் செல்ல, நூறு மீட்டருக்கும் மேலே உயர்ந்து கடலைக் கண்காணித்தார்.

இக்கருவி பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலிலும் தென் அட்லாண்டிக்கிலும் பயன்பட்டது. 1943 ஆகஸ்டில் மடகாஸ்கரை ஒட்டிய கடலில் கிரேக்க நீராவிக் கப்பல் ஒன்றை யு-177 என்ற நீர்மூழ்கி இவ்வாறே கண்டுபிடித்து மூழ்கடித்தது. ஆனால் எதிரி விமானம் தென்பட்டால் நீர்மூழ்கி உடனே மூழ்க வேண்டும். மேலே இருப்பவரைக் கயிற்றைச் சுற்றி இறக்க நேரம் போதாது. அந்நிலையில் அவர் சுழலியைக் கழற்றிவிட்டு வான்குடையில் கடலில் குதிக்க வேண்டும். கப்பல் அவருக்காகத் திரும்பி வரும் என்பதற்கு உறுதி இல்லை.

லெமுவானின் வான்குடை

இன்றைய பாராசெயிலிங்குக்கு அடித்தளமிட்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் பியர் மார்செல் லெமுவான். அதுவரை வான்குடை என்பது விழும் வேகத்தைக் குறைப்பதற்கான கருவி மட்டுமே. சாதாரண வட்டக் குடையை இழுத்தால் அது நிலைகொள்ளாமல் ஆடும். லெமுவான் வட்டக் குடையின் பின்புறத்திலும் பக்கங்களிலும் திறப்புகளை அமைத்தார். உள்ளே நிறையும் காற்று பின்பக்கமாக வெளியேறும்போது குடை முன்னோக்கி நகர்ந்தது. இழுத்தால் ஆடாமல் மேலெழுந்தது.

1961-இல் அவர் தம் வான்குடையை ஒரு காரின் பின்னால் கட்டி இழுக்கச் செய்து, போதிய உயரம் சென்றதும் கயிற்றை விடுவித்துக்கொண்டு இறங்கினார். விமானம் இல்லாமல் குறைந்த செலவில் வான்குடையில் இறங்கிப் பழக இது வழிசெய்தது. 1963-இல் அமெரிக்காவின் பயனியர் வான்குடை நிறுவனத்தைச் சேர்ந்த ழாக் ஆந்த்ரே இஸ்தெல் இவ்வடிவத்துக்கான உரிமத்தைப் பெற்றார். 'பாராசெயில்' என்ற பெயர் அப்போதுதான் வணிகப் பெயராக வழக்கிற்கு வந்தது.

கரையிலிருந்து படகுக்கு

தொடக்கக் காலத்தில் கடற்கரை மணலில் நின்றவாறு புறப்படுவதே வழக்கம். படகு கயிற்றை இழுக்க, ஏறுபவர் சில அடி ஓடி மேலெழ வேண்டும். இறங்குவதும் மணலிலேயே. படகு சற்றே தவறினாலும் அவர் மணலில் இழுபடுவார், அல்லது கரையில் நிற்கும் மக்கள் மீதோ மரங்கள் மீதோ மோதுவார்.

1970களில் அமெரிக்கரான மார்க் மெக்கல்லோ புறப்படும் இடத்தைப் படகுக்கே மாற்றினார். படகின் பின்புறத்தில் ஒரு மேடை அமைத்து, வின்ச் எனப்படும் கயிறு சுற்றும் உருளையையும் பொருத்தினார். கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டால் ஏறுபவர் மேடையிலிருந்தே உயர்வார். மீண்டும் சுற்றினால் மேடையிலேயே வந்து இறங்குவார். கால் நனையத் தேவையில்லை, ஓடத் தேவையில்லை. இதன் பின்னரே குழந்தைகளும் முதியோரும் இதில் ஏறத் தொடங்கினர். உடல்திறன் தேவைப்பட்ட பயிற்சி, கட்டணம் செலுத்திய எவரும் ஏறக்கூடிய கேளிக்கையாயிற்று. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் 30 முதல் 50 இலட்சம் பேர் பாராசெயிலிங்கில் ஈடுபடுவதாக அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

காற்றும் கயிறும்

பாராசெயிலிங்கின் முதன்மையான ஆபத்து உயரம் என்றே பலரும் எண்ணுகின்றனர். விபத்துகளை ஆராய்ந்தால், பெரும்பாலும் காற்றே முதற்காரணமாக நிற்பதைக் காணலாம். குடையின் மீது காற்று செலுத்தும் விசை, காற்றின் வேகத்தின் இருமடிக்கேற்ப மாறும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றை எதிர்த்துப் படகு மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சென்றால், குடை உணரும் காற்று 30 கி.மீ. ஆகும். இயற்கைக் காற்று 30 கி.மீ. ஆக உயர்ந்து, படகு அதே வேகத்தில் சென்றால், குடை உணர்வது 45 கி.மீ. வேகம் ஒன்றரை மடங்கே கூடியிருக்கும். ஆனால் கயிற்றின் மீதான இழுவிசை ஏறத்தாழ இரண்டே கால் மடங்காகிவிடும். கயிறோ வெயிலாலும் உப்பாலும் நாளுக்கு நாள் நலிந்துவருவது. முடிச்சிட்ட இடத்தில் அதன் வலிமை மேலும் குறைகிறது.

பலத்த காற்றில் படகு நின்றுவிட்டாலும் குடை கீழிறங்காது. மாறாக, அது படகையே இழுக்கத் தொடங்கும். கயிறு அறுந்தால் காற்று வீசும் திசையில் குடை அடித்துச் செல்லப்படும். கடலில் விழுந்தாலும் குடையில் மீண்டும் காற்று நிறைந்தால், ஏறியவர் நீரில் வெகுதூரம் இழுபடுவார். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தாலும் அப்போது மூச்சுவிடுவது கடினம்.

இந்தியாவில்

இந்தியாவில் பாராசெயிலிங் இரு வழிகளில் பரவியது. ஒன்று தரைவழி: தேசிய மாணவர் படையின் சாகசப் பயிற்சிகளில் இதற்கு இடமுண்டு. பரந்த திடலில் ஜீப் இழுக்க, மாணவர்கள் வான்குடையில் உயர்வர். மற்றொன்று கடல்வழி: கோவாவின் கடற்கரைகளில் தொடங்கி நாட்டின் பிற சுற்றுலாக் கடற்கரைகளுக்கும் இது பரவியது.

விபத்துகளும் இரு வழிகளிலும் நேர்ந்துள்ளன. 2016-இல் கோயம்புத்தூரில் தரைவழிப் பாராசெயிலிங்கில் ஏறிய ஒருவர், ஹார்னெஸ் எனப்படும் உடற்பட்டையிலிருந்து விடுபட்டுக் கீழே விழுந்து உயிரிழந்தார். 2021 நவம்பரில் டையூவின் நகோவா கடற்கரையில் ஒரு தம்பதியர் பறந்துகொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. அதே மாதம் மகாராட்டிரத்தின் அலிபாக் பகுதியிலும் இரு பெண்கள் ஏறியிருந்தபோது இவ்வாறே நிகழ்ந்தது. நால்வரும் கடலில் விழுந்தனர். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்ததால் பிழைத்தனர்.

மத்திய சுற்றுலா அமைச்சகமும் இந்திய சாகசச் சுற்றுலா நடத்துநர்கள் சங்கமும் 2018-இல் சாகச விளையாட்டுகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டன. இவை பின்பற்றத்தக்க நெறிகளே தவிர, மீறினால் தண்டிக்கும் சட்டம் ஆகா.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதில் ஒரு படி மேலே சென்றது. அங்கு 2007-இல் பலத்த காற்றில் கயிறு அறுந்து, சிறுமி ஒருத்தி கரையோரக் கட்டடத்தில் மோதி இறந்தாள். 2012-இல் உடற்பட்டை பிய்ந்து ஓர் இளம்பெண் கடலில் விழுந்து இறந்தார். இவ்விருவரின் குடும்பப் பெயர்களைத் தாங்கிய ஒயிட்-மிஸ்கெல் சட்டம் 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து வீசும் காற்று மணிக்கு 20 மைலை, அதாவது ஏறத்தாழ 32 கி.மீ.யைத் தாண்டினால் பாராசெயிலிங் நடத்தக்கூடாது. ஏழு மைல் தொலைவுக்குள் மின்னல் இருந்தாலும் நடத்தக்கூடாது. அன்றன்றைய வானிலையைப் படகோட்டி குறித்துவைக்க வேண்டும். இரு மரணங்களுக்குப் பின்னரே இச்சட்டம் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கடலூர்க் கடற்கரையும் காற்றும்

வடலூர், நெய்வேலி, பண்ருட்டிப் பகுதி மக்கள் விடுமுறை நாட்களில் கடலூர் தேவனாம்பட்டினத்தின் வெள்ளிக் கடற்கரைக்கும், புதுச்சேரிக்கும் செல்வது வழக்கம். பள்ளி, கல்லூரிச் சுற்றுலாக்கள் கோவா வரையும் செல்கின்றன. காற்றின் வேகம் என்ன செய்யும் என்பதை இப்பகுதியினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், இங்குள்ள பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது.

தமிழர் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்தவர்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். மேல்திசைக் காற்றை மீனவர் கச்சான் என்பர். இவ்வறிவு பாராசெயிலிங்குக்கும் பொருந்தும். சோழமண்டலக் கரையில் வெயில் ஏறியபின் கடற்காற்று கிழக்கிலிருந்து கரையை நோக்கி வீசும். அந்நேரத்தில் கயிறு அறுந்தால் குடை கட்டடங்களையும் மின்கம்பிகளையும் நோக்கிச் செல்லும். மேல்காற்று வலுத்திருக்கும் நேரத்தில் அறுந்தால் நடுக்கடலை நோக்கிச் செல்லும்.

கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் எவரும் கடலுக்குள் செல்வதில்லை. கூண்டு ஏறாத நாட்களிலும் மீனவர்களுக்கு எச்சரிக்கை வருவதுண்டு. அவ்வறிவிப்புகளில் பொதுவாக மணிக்கு 40 முதல் 50 கி.மீ., 45 முதல் 55 கி.மீ. என்ற அளவுகளே காணப்படும். புளோரிடாவின் வரம்போ 32 கி.மீ. ஆகவே மீனவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளிலும், பாராசெயிலிங்குக்கு ஏற்காத காற்று வீசக்கூடும். கடல் அமைதியாகத் தோன்றுவதும் மற்றவர்கள் ஏறிக்கொண்டிருப்பதும் போதிய சான்று ஆகா.

ஏறுமுன் அறிய வேண்டியவை

ஏறுபவர் மேலே சென்றபின் செய்யக்கூடியது மிகக் குறைவு. கேட்க வேண்டியவற்றைக் கீழே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

- நடத்துநருக்கு உரிமம் உள்ளதா? படகோட்டி பயிற்சி பெற்றவரா?
- அன்றைய காற்றின் வேகம் என்ன? அதை அளக்கும் கருவி படகில் உள்ளதா?
- கயிறு எப்போது மாற்றப்பட்டது? அதில் நைந்த இழைகளோ இடைமுடிச்சுகளோ தென்படுகின்றனவா?
- உடற்பட்டையின் கொக்கிகள் முழுமையாகப் பூட்டுகின்றனவா? தையல் பிரிந்துள்ளதா?
- உயிர்காப்பு அங்கி ஏறுபவரின் அளவுக்கு ஏற்றதா?
- படகோட்டியைத் தவிர, ஏறியவரைக் கவனிக்க மற்றொருவர் படகில் இருக்கிறாரா?

இவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்லும் நடத்துநரே நம்பத்தக்கவர். காற்று மிகுந்தால், பணம் கட்டி வரிசையில் நிற்பவர்களையும் திருப்பி அனுப்ப அவர் தயங்கமாட்டார். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் பெற்றோரும் இக்கேள்விகளைக் கேட்கத் தயங்கக் கூடாது. விடை சரியில்லை என்றால் அன்றைய பறத்தலைக் கைவிட்டு, கரையிலிருந்தே கடலைக் கண்டு திரும்புவதே நல்லது.