"கறள் இல்லை" என்ற இரண்டு சொற்கள்

எங்கட பேச்சுத் தமிழில் இரும்பின் கேட்டுக்கு இரண்டு சொற்கள் இருக்கு. ஒன்று கறள், மற்றது உக்கல். கறள் பிடித்த தகட்டை உரசித் துடைத்தால் அடியில் இரும்பு உயிரோடு இருக்கும். உக்கின தகட்டை ஸ்குரூ ட்ரைவரால் குத்தினால் அது உள்ளே இறங்கும். பழைய கார்ச் சாமான்களை இணையத்தில் வாங்கி விற்கிற ஆட்களுக்கிடையில் வருகிற சண்டை கனக்க இந்த இரண்டு சொற்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் நடக்கிறது. "கறள் இல்லை எண்டுதானே போட்டிருந்தீங்கள்?" என்று வாங்கினவர் கேட்பார். "அறுபது வருசத்துச் சாமான் தம்பி, கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்" என்று விற்றவர் சொல்லுவார்.

பொய் சொன்னது யார் என்பது மட்டும் இதில் கேள்வி இல்லை. குறையைச் சொல்ல வேண்டியது விற்கிறவரா, தேடிப் பிடிக்க வேண்டியது வாங்குகிறவரா? சந்தை என்று ஒன்று தொடங்கின காலத்திலிருந்தே மனிதர் இதற்காகச் சண்டை பிடித்திருக்கினம். அந்தக் கதையை ஒரு மட்காட்டை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கிறோம்.

மட்காட் எண்டால் மொரிஸ் மைனரின் மட்காட். 1948இல் அலெக் இசிகொனிஸ் வடிவமைத்து வெளிவந்த இந்தக் கார், உற்பத்தி நிற்பதற்குள் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இதற்குத் தனியான செசி கிடையாது. உடம்புதான் எலும்பும். அதனால் கறள் இங்கே அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பட்டி, தரைத் தகடு, பின் வில்லுகள் தொங்குகிற இடம், முன்னால் இயந்திரத்தைத் தாங்குகிற கால்கள் - இவை உக்கினால் கார் நடுவில் தொய்யத் தொடங்கும். முன் மட்காட்டுகள் நட்டுப் போட்டுப் பூட்டப்பட்டவை. கழற்றலாம், விற்கலாம், பொதி செய்து அனுப்பலாம். முன்விளக்குக் கிண்ணத்தைச் சுற்றிச் சேறு தங்குவதால் அதிகம் உக்குவதும் இந்த மட்காட்தான். அதிகம் விற்கக்கூடிய சாமானே அதிகம் சந்தேகப்பட வேண்டிய சாமானாகவும் இருக்கிறது.

இலங்கையில் இந்தப் பழைய கார்கள் இவ்வளவு காலம் தாங்கினதுக்குக் காதல் மட்டும் காரணம் இல்லை. 1960களிலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதுக் கார் வருவது அரிதாக இருந்தது. இருந்ததை ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். வடக்கில் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் பற்றரியும் இல்லை. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவை மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மாதிரியான கார்கள்தான். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. உப்புக்காற்று தகட்டைத் தின்னத் தின்ன டிங்கர்காரர் தகரம் வெட்டி ஒட்டினார்கள். ஆக எங்கட ஊர்க் கார் ஒன்றின் உடம்பு முழுக்க அசல் என்று யாராவது எழுதினால், எங்களுக்கு முதலில் வருவது சிரிப்பு. கடைசியாக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை. பழசைத் திருத்தி ஓட்ட வேண்டிய தேவை இன்னொரு முறை வந்தது.

இதே காரைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு விசயமும் உண்டு. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் வீதியில் உப்புப் போடுவார்கள், அது கார்களின் அடியைத் தின்றுவிடும். அங்கே பாத் நகரில் மொரிஸ் மைனர்களைத் திருத்திக்கொண்டிருந்த சார்ள்ஸ் வேயர், 1990களில் இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து அந்தக் காருக்கான தகடுகளை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கினார். ஆங்கிலேயர் கொண்டுவந்த கார், அவர்கள் நாட்டில் உக்க, அதற்கான தகடு இங்கிருந்து கப்பலில் போனது.

முன்பெல்லாம் பழைய சாமான் வாங்குவது எண்டால் போய்ப் பார்ப்பதுதான். கொழும்பில் பஞ்சிகாவத்தை. அமெரிக்காவில் 1955இல் தொடங்கிய ஹெர்ஷி சந்தை, இங்கிலாந்தில் 1967இல் தொடங்கிய பியூலி சந்தை. எங்கேயானாலும் வாங்குகிறவரின் கை தகட்டில் படும். துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டாவிட்டால் அந்த இடத்தில் இரும்பு இல்லை, புட்டி இருக்கு. விரலால் தட்டினால் நல்ல தகடு ஒலிக்கும், புட்டி அடைத்த இடம் மொத்தெனக் கேட்கும். அங்கே "பார்த்து எடுங்கோ" என்ற வார்த்தையில் ஒரு நியாயம் இருந்தது.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? பழைய உரோமில் சந்தையை மேற்பார்வை செய்த அதிகாரிகள் அடிமைகளையும் கால்நடைகளையும் விற்கிறவர் மறைந்த குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டளை போட்டார்கள். (மனிதரையும் மாட்டையும் ஒரே பட்டியலில் வைத்த சட்டம் அது. அதை மறந்துவிட்டு மெச்ச முடியாது.) சொல்லாவிட்டால் பொருளைத் திருப்பலாம், அல்லது விலையைக் குறைக்கலாம். அந்த விதி உரோம டச்சுச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் வந்தது. தென்னாபிரிக்காவில் இன்றைக்கும் பழைய கார் விற்கிற தனியாள் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று எழுதுவார். இருக்கிற நிலையில் விற்கிறேன் என்று அர்த்தம். ஆனால் உக்கலைத் தெரிந்துகொண்டே மறைத்திருந்தால் அந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது.

இலங்கையில் கதை வேறு பக்கம் போனது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அசையும் பொருட்களின் விற்பனையை ஆங்கிலச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதன் அடிப்படை, வாங்குகிறவரே கவனமாயிருக்க வேண்டும் என்பது. வியாபாரியாக இல்லாத ஒருவர் தன் வீட்டு மூலையில் கிடந்த மட்காட்டை விற்றால், அதன் தரத்துக்குச் சட்டம் தானாக உத்தரவாதம் தராது. 2003இல் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வியாபாரிகளை நோக்கியதுதான். எங்களுக்கு இது இழப்பாகத்தான் தெரிகிறது. மாட்டின் குறையைச் சொல்லச் சொன்ன பழைய விதி, காரின் உக்கலுக்கு இங்கே எட்டாமல் போனது.

ஆனால் ஆங்கிலச் சட்டத்திலும் ஒரு பிடி இருந்தது. பொருளை விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். விற்கிறவர் தனியாளாக இருந்தாலும் சரி. 1967இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த பீல் எதிர் டெய்லர் வழக்கைப் பாருங்கோ. ஒரு தனியாள் தன்னுடைய கார் 1961ஆம் ஆண்டு ட்ரயம்ப் ஹெரால்ட் என்று விளம்பரம் போட்டார். வாங்கினவர் நேரில் போய்ப் பார்த்தார், பின்னால் 1200 என்ற சின்னத்தையும் பார்த்தார், வாங்கினார். பிறகு கராஜில்தான் தெரிந்தது, அது இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டி வெல்ட் பண்ணினது. பின்பாதி மட்டுந்தான் 1961, முன்பாதி அதைவிடப் பழசு. விற்றவருக்கும் இது தெரியாது! கீழ் நீதிமன்றத்தில் விற்றவர் வென்றார். மேன்முறையீட்டில் வாங்கினவர் வென்று 125 பவுண் நட்டஈடு பெற்றார். நேரில் பார்த்தது உண்மைதான், ஆனால் விளம்பரத்தின் சொல்லையும் நம்பித்தானே வாங்கினார் என்றது நீதிமன்றம்.

மூன்று வருசம் கழித்து, 1970இல், ஜோர்ஜ் அக்கர்லொவ் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கப் பேச்சில் மோசமான காருக்கு எலுமிச்சை என்று பெயர். எது எலுமிச்சை என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லாக் காருக்கும் குறைந்த விலையே சொல்லுவார், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார், கடைசியில் எலுமிச்சைகள் மிஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கட பக்கத்திலும் இதைக் காணலாம். நேர்மையாக "அடிப்பக்கம் உக்கல் இருக்கு" என்று எழுதுகிறவரின் மட்காட் கிடக்க, "நல்ல கண்டிசன்" என்று எழுதினது போய்விடும்.

பிறகு 1995இல் ஈபே வந்தது. அங்கே முதலில் விற்பட்டதாகச் சொல்லப்படுவது உடைந்த ஒரு லேசர் விளக்கு. உடைந்தது என்று தெரிந்துதான் அதை வாங்கினாராம் அந்த ஆள். அடுத்த வருசமே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் மதிப்பீடு எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். கை தொட முடியாத சந்தையில் பேரும் புகழும் காந்தத்தின் வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கை அது. ஓரளவுக்கு வேலையும் செய்தது. ஆனால் ஒரு ஆளின் பெயர் நல்லது என்பதற்காக அவர் எடுத்த படத்தில் மட்காட்டின் உள்பக்கம் தெரியப்போவதில்லை. புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்த அடிப்பக்கம் படத்தில் அழகாகத்தான் இருக்கும். பூச்சுக்குள்ளே ஈரம் அகப்பட்டால் கறள் இன்னும் வேகமாக வேலை செய்யும்.

கப்பலில் வரும் சாமானுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. சாதாரண பிரைமர் பூச்சு ஈரத்தை உள்ளே விடும். கொள்கலனுக்குள் இரவு பகல் வெப்பம் மாற நீர் வியர்க்கும். கறளில்லாமல் புறப்பட்ட தகடு கறளோடு வந்து சேரலாம். உரிமை கைமாறும்போது ஆபத்தும் கைமாறும் என்பதுதான் பொதுவிதி என்பதால், கறள் எப்போது வந்தது என்பதே வழக்காகிவிடும். இதற்குக் கறளே சாட்சி சொல்லும். புதுக் கறள் பிரகாசமான செம்மஞ்சள், துடைத்தால் பொடியாகக் கையில் வரும். பழையது கரும்பழுப்பாக, ஏடு ஏடாக உரியும். அதற்கடியில் குழிகள் இருக்கும்.

பொதி பிரிக்கும்போது படம் எடுத்து வைத்திருந்தால் இதைக் காட்டலாம். விளம்பரம்தான் கரைச்சல். டெய்லரின் விளம்பரம் அச்சில் இருந்தது, பிறகு அதில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. இன்றைக்குச் சாமான் விற்பட்ட இரவே விளம்பரம் இல்லாமல் போகும், அல்லது "கறள் இல்லை" இருந்த இடத்தில் "கறள் குறைவு" என்று இருக்கும். காசு அனுப்ப முதல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறவரிடம்தான் அந்த இரண்டு சொற்களும் மிஞ்சும்.