கல்லில் வெட்டிய சம்பளம்

சங்கரன்கோவிலில் இருந்து கிழக்கே போனால் குருவிகுளம். ஒரு காலத்தில் ஜமீன். 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் வெள்ளாமை. பொய்த்தால் பிழைப்புக்கு வேறு ஊர் என்று பழகிப்போன மண்.

அந்தப் பக்கத்துக் கிராமம் ஏதாவது ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பிள்ளைக எல்லாம் எங்க இருக்காக?" என்றால், "ஒருத்தன் திருப்பூர்ல, ஒருத்தன் மெட்ராஸ்ல" என்று பதில் வரும். "உங்களை யாரு பாத்துக்கிடுதா?" என்று கேட்டால் ஒரு சிரிப்புதான். நடமாட்டம் இருக்கிற வரைக்கும் அந்தச் சிரிப்பு போதும். விழுந்து, கிடையில் படுத்துவிட்டால்?

"அந்தக் காலத்துல இப்படியா? கூட்டுக் குடும்பம், பெரியவங்களைத் தாங்கினாங்க" என்று நாம் பெருமூச்சு விடுவோம். பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேச நமக்கே கூச்சம். குருவிகுளத்துக்கு வடக்கே எல்லையைத் தாண்டினால் விருதுநகர் மாவட்டம். 2010-ல் அங்கே 80 வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டை விட்டு ஓடினார். தனக்குத் 'தலைக்கு ஊத்த' வீட்டார் நாள் குறிப்பதும், நிலத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசுவதும் அவர் காதில் விழுந்துவிட்டது. உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்து உயிர் தப்பினார். தென் மாவட்டங்களில் ரகசியமாக இருந்துவந்த 'தலைக்கூத்தல்' அப்போதுதான் நாடு முழுக்கச் செய்தியானது.

கொலைக்குச் சமாதானம் கிடையாது. ஆனால், அதற்கு வீடுகளில் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். "பாக்க ஆள் இல்ல. வேலைக்குப் போகாம எத்தன நாளு உக்காந்திருக்க?"

ஆக, கிடையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள ஒரு செலவு உண்டு. அது எப்போதும் இருந்தது. யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

இதை 950 வருடங்களுக்கு முன்பே ஒரு கோயில் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலோடு சேர்ந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு, 15 படுக்கைகள். வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர் என்று பட்டியல் நீள்கிறது. அதில் நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். அவர்களுக்கும் ஊதியம்! ராத்திரி விளக்கு எரிய எண்ணெய் கூடக் கணக்கில் இருக்கிறது. அந்தச் சாலை ஊர் முழுமைக்கும் அல்ல, கோயில் ஊழியர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்கும்தான். ஆனாலும் பணிவிடை என்பது புண்ணியம் மட்டுமில்லை, கூலி கொடுக்க வேண்டிய வேலையும்கூட என்பது அந்தக் கல்லில் பதிந்துவிட்டது.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 1962-ல், காமராஜர் முதல்வராக இருந்தபோது, சென்னை மாநிலத்தில் முதியோர் பென்ஷன் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். 1983-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், குழந்தைகளின் சத்துணவு பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்கும் விரிந்தது. 1995-ல் மத்திய அரசும் 75 ரூபாயோடு களத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் தொகை மெள்ள மெள்ள ஏறி, 2011-ல் 1,000 ரூபாய், 2023-ல் 1,200 ரூபாய் ஆனது.

சாதாரண விஷயம் இல்லை இது. மகன் கையை எதிர்பார்க்காமல் வெற்றிலை வாங்கவும், பேரனுக்கு மிட்டாய் வாங்கவும் ஒரு கிழவிக்குத் தெம்பு கொடுத்த பணம். ஆனால், அது கஞ்சிக்கு ஆகும். புரட்டிப் படுக்க வைக்கும் கைக்கு ஆகாது.

2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. கவனிக்காத பிள்ளையிடம் மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித்தர அது வழி செய்தது. வசதி இருந்தும் கைவிட்ட மகனுக்கு அது சவுக்கு. தினக்கூலி மகனிடம் எதை வாங்குவது?

அந்த வீட்டில் நிஜமாகச் செலவு செய்வது யார் தெரியுமா? மருமகள். அல்லது மகள். களையெடுப்பு, தீப்பெட்டி, நூறு நாள் வேலை என்று போனால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு, மாமியாரின் படுக்கையருகே உட்கார்ந்திருக்கிறாள். அவள் இழக்கும் கூலிதான் நம் ஊரின் முதியோர் இன்ஷூரன்ஸ். ரசீதே இல்லாத பிரீமியம்!

வெளியே எப்படிச் சமாளித்தார்கள்? ஜெர்மனி 1995-ல் பராமரிப்புக்கென்றே கட்டாய இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் அதற்கும் பணம் உண்டு; பார்த்துக்கொள்பவரின் எதிர்கால பென்ஷனுக்கும் வழி உண்டு. முதியவர்களை மலையில் விட்டுவிட்டு வரும் கதைகள் ஜப்பானிலும் உண்டு. அதே ஜப்பான் 2000-ல் 40 வயது தாண்டிய எல்லோரையும் பிரீமியம் கட்டவைத்தது. செலவில் பாதிக்கு அது, மீதிக்கு வரிப் பணம்.

"அதெல்லாம் பணக்கார நாடு சார்!" என்கிறீர்களா? செங்கோட்டை தாண்டினால் கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரணப் பணி ஊர் ஊராகத் தொண்டர்கள் கைக்குப் போனது. 2008-ல் அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. பஞ்சாயத்து நிதியில் சம்பளம் வாங்கும் நர்ஸ், படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் வீட்டுக்கே வருகிறார். புண்ணைக் கழுவுகிறார். மருமகளுக்கும் எப்படிப் புரட்டுவது என்று சொல்லித்தருகிறார்.

நம்மிடமும் கதவு திறந்திருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே போய் மாத்திரை கொடுப்பதோடு பிசியோதெரபியையும் வலி நிவாரணத்தையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த படி, ஊராட்சிக் கணக்கில் அந்தக் கைகளுக்கு ஒரு வரி.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 10 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது 18 ஆகும் என்கிறது அரசு நிபுணர் குழுவின் கணிப்பு. அந்தப் பதினெட்டில் நீங்களும் நானும் இருக்கலாம்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் ரோடு, தெருவிளக்கோடு இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். சோழர் காலத்துக் கோயில், ராவிளக்குக்கு எண்ணெய் ஒதுக்க மறக்கவில்லை.