தீத்தொண்டு வாரம் பிறந்த கதை

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் தேதி, அம்பேத்கர் பிறந்தநாள். தீயணைப்பு நிலையத்துக்காரர்களுக்கு அன்று நீத்தார் நினைவு நாள். 20-ம் தேதிவரை தீத்தொண்டு வாரம். பள்ளிக்கூடம், மில், பஸ் ஸ்டாண்ட் என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். எண்ணெய்ச் சட்டியில் பற்றிய தீயை ஈரச் சாக்கால் மூடிக் காட்டுவார்கள். இந்த வாரத்துக்கு மூலம் ஒரு சரக்குக் கப்பல். அதில் முதலில் பற்றியது பருத்தி. அதனால் மல்லாங்கிணற்றின் பருத்திக் கரிசலில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மளமளவென்று மூழ்கடித்தன. ஈடுகட்ட, சண்டர்லாந்துக் கப்பல் கட்டும் தளம் ஒன்றின் வரைபடத்தை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் கப்பல் கட்டச் சொன்னார்கள். சுமார் 10,000 டன் சுமக்கும், மணிக்கு 11 கடல்மைல் போகும். அழகு கிடையாது, அவசரத்துக்கு ஆகும். அமெரிக்காவில் அதுவே லிபர்ட்டி கப்பலாக மாறியது. கனடாவில் பிரிட்டனுக்காகக் கட்டியவற்றுக்குப் பழைய வணிகக் கோட்டைகளின் பெயர். அப்படி 1942-ல் ப்ரின்ஸ் ரூபர்ட்டில் பிறந்தது ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’. இரண்டு வருடம்கூட அது ஓடவில்லை.

1944 பிப்ரவரி 24-ல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியபோது அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள், போர் விமானங்கள், தங்கக் கட்டிகள். கராச்சியில் விமானங்களை இறக்கினார்கள். காலியான இடத்தில் பருத்தி பேல்களையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் அடைத்தார்கள். சிந்து, பஞ்சாப் பருத்தியைப் பம்பாய்க்கு ரயிலில் கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. கேப்டன் நெய்ஸ்மித் ஆட்சேபித்தார். போர்க்காலத்தில் யார் கேட்டார்கள்? கப்பலின் இரண்டாம் சரக்கறையில் கீழே பருத்தி, மேல்தட்டில் வெடிபொருள். சிவகாசியில் பட்டாசு வேலை செய்கிற யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்.

பருத்தித் தீயைப் பழகியவர்களுக்குத் தெரியும். பிரஸ்ஸில் இறுக்கிப் பட்டை போட்ட பேலில் தீ கொழுந்துவிடாது. கங்காக உள்ளுக்குள் ஊரும். மேலே ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். அணைந்தது என்று நினைத்த பேலை அறுத்தால் நடுவில் சிவந்து கிடக்கும்.

ஏப்ரல் 12-ல் கப்பல் பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்றது. வெடிபொருள் ஏற்றிய கப்பல் பறக்கவிட வேண்டிய சிவப்புக் கொடியை அது ஏற்றவில்லை. 14-ம் தேதி மதியம் இரண்டு மணிவாக்கில் புகை தெரிந்தது. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் பாய்ச்சியும் தீயின் மூலம் எங்கே என்றே பிடிபடவில்லை; பாய்ச்சிய தண்ணீர் கொதித்தது. 4.06-க்கு வெடித்துக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. அரைமணி கழித்து இன்னொரு வெடி. வெடியின் வேகம் பக்கத்தில் நின்ற சிந்தியா கம்பெனிக் கப்பல் ‘ஜலபத்மா’வைத் தூக்கிக் கரையில் எறிந்தது. சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிந்தது. இறந்தவர் 800 முதல் 1,300 வரை என்று கணக்குகள் சொல்கின்றன. வீடிழந்தவர் சுமார் 80,000. ஜப்பானியர் பிடியிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே செய்தியைச் சொல்லிவிட்டது. நம் பத்திரிகைகளுக்கு மே மாதம்தான் அனுமதி கிடைத்தது. தங்கக் கட்டிகள் பல வருடம் கழித்தும் துறைமுகச் சேற்றிலிருந்து வந்துகொண்டிருந்தன.

இறந்தவர்களில் 66 பேர் குழாய் பிடித்து நின்ற தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுக்க இந்த வாரம். ஜின்னிங் மில்லில் பேல் பற்றினால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, பட்டையை வெட்டி, பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. விக்டோரியா டாக்கில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.